நீலத் தொப்பித் தாத்தா

"ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அந்தச் சொல்லை மீறி எங்கள் குடும்பத்தின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டோம் நாங்கள். தேடியதில் மகிழ்ச்சியும் கிடைத்தது, வருத்தமும் கிடைத்தது. இரண்டையும் மறைக்காமல் நம் பள்ளி ஆண்டு மலரில் எழுதுகிறோம்.

நாங்கள் அக்காள் தங்கையர் இருவர். மூத்தவள் பத்தாம் வகுப்பு. இளையவள் எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், உண்பது சோறும் மீன் குழம்பும். ஆனால் எங்களில் இளையவளுக்கு மட்டும் பூனைக் கண். எங்கள் பாட்டிக்கும் அதே கண். சென்ற ஆண்டு சுதந்திர தின விழாவில் கட்டபொம்மன் நாடகம் நடந்ததல்லவா? ஜாக்சன் துரை வேடம் யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை. "உனக்கு ஒப்பனையே வேண்டாமடி!" என்று தோழியர் அவளை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். கைதட்டல் நிறையக் கிடைத்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் அழுதாள். "எல்லாரும் நம் நாட்டு வீரர்களாக நிற்க, நான் மட்டும் ஏன் வெள்ளைக்காரனாக நிற்க வேண்டும்?" என்று கேட்டாள்.

பாட்டி சிரித்தார்கள். "அழாதேடி கண்ணு. அந்தக் கண் நீலத் தொப்பித் தாத்தா கொடுத்தது. அவரை யாரென்று நினைத்தாய்? அந்தக் காலத்துப் பட்டாளக்காரர்!" என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்தார்கள். பழைய செபமாலைகள், மஞ்சள் பூத்த படங்கள், ஒரு கல்யாணப் புடவை இவற்றுக்கெல்லாம் அடியில் சிவப்புத் துணியில் முடிந்த ஒரு பொட்டலம் இருந்தது. அவிழ்த்தால் ஒரு வெள்ளிப் பதக்கம்! ஒரு பக்கத்தில் விக்டோரியா மகாராணியின் தலை. மறு பக்கத்தில் கையில் மாலையுடன் ஒரு பெண் உருவமும் பக்கத்தில் சிங்கமும். 'இந்தியா' என்ற சொல்லும், 1857-1858 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. மேலே ஒரு சிறு வெள்ளிப் பட்டையில் 'லக்னோ தற்காப்பு' என்று இருந்தது.

அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது பதக்கத்தின் விளிம்பில் சின்னஞ்சிறு எழுத்துக்கள் தெரிந்தன. ஒரு மனிதனின் பெயர். அதன் பின்னால் 'முதலாம் மதராஸ் ஃபியூசிலியர்ஸ்' என்று ஒரு படைப்பிரிவின் பெயர். பாட்டிக்கே இது தெரியாது. எண்பது வயது வரை அந்தப் பதக்கத்தை வைத்திருந்தும் விளிம்பை அவர்கள் பார்த்ததில்லை!

பாட்டிக்குத் தெரிந்ததெல்லாம், அவர்கள் தம் பாட்டியின் மடியில் இருந்து கேட்டதுதான். நீலத் தொப்பித் தாத்தா ஸ்காட்லாந்து தேசத்தார். கப்பலேறி மதராசுக்கு வந்து பட்டாளத்தில் சேவித்தார். அவருக்கு இங்கே பிறந்த மகள்தான் எங்கள் பாட்டியின் கொள்ளுப்பாட்டி. அந்த அம்மாள் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவரை மணந்தார். அதிலிருந்து எல்லாம் தமிழ்க் குடும்பம்தான். எண்ணிப் பார்த்தால், எங்களுக்கு ஆறு தலைமுறை முந்தியவர் இந்தத் தாத்தா. ஏன் நீலத் தொப்பி என்று கேட்டோம். "அவர் நீலத் தொப்பி போட்டிருப்பாராம். அவ்வளவுதான் தெரியும்" என்றார்கள் பாட்டி.

'எங்கள் வீரத் தாத்தா' என்ற தலைப்பில் மலருக்கு ஒரு கட்டுரை எழுதிவிட வேண்டும் என்று அன்றிரவே நாங்கள் தீர்மானித்தோம்.

இலண்டனில் வேலை பார்க்கும் எங்கள் மாமாவுக்குப் பதக்கத்தின் படத்தை அனுப்பினோம். கிழக்கிந்தியக் கும்பினியார் தங்கள் சிப்பாய்கள் ஒவ்வொருவரையும் பற்றி எழுதி வைத்த பேரேடுகள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் காக்கப்படுகின்றன. பெயர், வயது, பிறந்த ஊர், முன்பு செய்த தொழில், ஏறி வந்த கப்பல் எல்லாம் அவற்றில் உண்டு. மாமா சில மாதங்கள் தேடி, ஒரு நாள் ஒரே ஒரு வரியின் படத்தை அனுப்பினார்கள். நாங்கள் ஆவலோடு படித்தோம். 1842-ஆம் ஆண்டு சேர்ந்தவர். வயது இருபது. ஊர் பெய்ஸ்லி. தொழில் நெசவு.

நெசவாளியா? எங்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. வாளும் குதிரையுமாக ஒரு வீர வம்சத்தை நாங்கள் கற்பனை செய்திருந்தோம். பாட்டியோ, "நெசவாளி என்றால் நல்ல ஆள்தான். கைத்தொழில் தெரிந்தவன் திருடமாட்டான்" என்றார்கள்.

பெய்ஸ்லி என்பது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகருக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊர். தோழியரே, உங்கள் அம்மாவின் பட்டுப் புடவைக் கரையில் மாங்காய் புட்டா இருக்கிறதல்லவா? அந்த மாங்காய்க்கு ஆங்கிலத்தில் 'பெய்ஸ்லி' என்றே பெயர். காஷ்மீரத்துச் சால்வைகள் ஐரோப்பாவுக்குப் போனபோது அங்குள்ள சீமாட்டிகள் அவற்றை விரும்பி வாங்கினார்கள். விலையோ அதிகம். ஆகவே 1805-ஆம் ஆண்டை ஒட்டி, பெய்ஸ்லி நெசவாளிகள் அதே மாங்காயைத் தங்கள் தறியில் நெய்து மலிவாக விற்கத் தொடங்கினார்கள். நம் நாட்டு மாங்காய் அவர்கள் ஊர்ப் பெயரைப் பெற்றுவிட்டது! நம் தையல் வகுப்பில் 'கோட்ஸ்' நூல்கண்டு என்று கேட்டிருப்பீர்கள். அந்தக் கோட்ஸ் குடும்பத்தாரும் இதே பெய்ஸ்லி ஊரில் ஆலை வைத்தவர்கள்தான்.

பெய்ஸ்லி நெசவாளிகள் படிப்பார்வம் மிக்கவர்கள். தறியில் இருந்துகொண்டே அரசியல் பேசுவார்களாம், கவிதையும் கட்டுவார்களாம். 1820-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் வாக்குரிமை கேட்டு நெசவாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று பேர் அதற்காக மரண தண்டனை அடைந்தார்கள். மற்றும் பலர் நாடு கடத்தப்பட்டார்கள். அதன் பின் இயந்திரத் தறிகள் பெருகின. கைத்தறிக் கூலி குறைந்துகொண்டே வந்தது. 1841 முதல் 1843 வரை பெய்ஸ்லியில் சால்வை வியாபாரம் படுத்துவிட்டது. முதலாளிகள் ஒருவர் பின் ஒருவராகத் திவாலானார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தருமக் கஞ்சிக்குக் காத்து நின்றன. 1842-இல் விக்டோரியா மகாராணியே அந்த ஊர்ச் சால்வைகளை வாங்கி ஆதரவு காட்டினார் என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும்!

அந்த 1842-இல்தான் எங்கள் தாத்தா கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்தார். இதைப் படித்ததும் மூத்தவள் சொன்னாள்: "வீரத்தினால் வரவில்லை, பசியினால் வந்திருக்கிறார்." அப்போதுதான் எங்களுக்கு அவர் மீது உண்மையான பாசம் பிறந்தது. இங்கிலாந்து ஆலைத் துணி வந்து குவிந்ததால் நம் ஊர் நெசவாளர்களும் அந்தக் காலத்தில் தறியை இழந்து தவித்தார்கள் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். தறி இழந்த ஒருவர், தறி இழந்தவர்களின் நாட்டுக்கே துப்பாக்கி தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார்!

அந்நாளில் சூயஸ் கால்வாய் கிடையாது. அது 1869-இல்தான் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர நான்கைந்து மாதங்கள் ஆகும். மதராசில் துறைமுகமும் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களை மசூலாப் படகில் ஏற்றிக் கரை சேர்ப்பார்கள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதினாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். எங்கள் தாத்தா இந்த மண்ணில் கால் வைக்கும்போது அவரைச் சுமந்து வந்தவர்கள் நம் கடற்கரை மீனவர்களே என்று எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

அடுத்ததாக, பாட்டி சொன்ன ஒரு பழைய கோவிலுக்குச் சென்றோம். அங்கே பங்குத் தந்தை அன்புடன் அனுமதி கொடுத்து ஞானஸ்நானப் பதிவேட்டைக் காட்டினார்கள். எல்லாம் இலத்தீன் மொழியில் இருந்தன. பக்கத்தைத் தொட்டால் பொடியாகிவிடும் போல் இருந்தது. 1856-ஆம் ஆண்டின் பக்கத்தில் எங்கள் பாட்டியின் கொள்ளுப்பாட்டியின் பெயர் இருந்தது. தகப்பன் பெயர் முழுமையாக, படைப்பிரிவோடு எழுதப்பட்டிருந்தது. அவர் ஸ்காட்லாந்துச் சபையைச் சேர்ந்தவர் என்ற குறிப்பும் இருந்தது. ஸ்காட்லாந்தாருக்கென்றே எழும்பூரில் 1821-ஆம் ஆண்டு முதல் தூய அந்திரேயா ஆலயம் இருந்தது. இருந்தும் அவர் தம் குழந்தையைத் தாயின் கோவிலுக்கே அனுப்பியிருக்கிறார். நாங்கள் இன்று கத்தோலிக்கராக இருப்பது அந்தத் தாயினால்.

ஆனால் அந்தத் தாயின் பெயர்? ஞானஸ்நானப் பெயர் ஒன்று மட்டும் இருந்தது. தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை, குடும்பம் இல்லை. தாத்தாவின் பெயர் இலண்டனில் இருக்கிறது, பதக்கத்தில் இருக்கிறது, பதிவேட்டில் இருக்கிறது. எங்களுக்கு விசுவாசத்தையும் மொழியையும் கொடுத்த அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது. நாங்கள் இருவரும் அந்தச் சொல்லின் மேல் விரல் வைத்துவிட்டு வந்தோம்.

இனி எழுதப் போவதுதான் கடினமானது.

எங்கள் வரலாற்று ஆசிரியையிடம் இவ்வளவையும் உற்சாகமாகச் சொன்னோம். 'நீலத் தொப்பி' என்றதும் அவர்கள் முகம் மாறியது. "மதராஸ் ஃபியூசிலியர்ஸா? அவர்களுக்கு 'நீலின் நீலத் தொப்பிகள்' என்று பட்டப்பெயர் இருந்தது. தொப்பிக்கு மேல் நீலத் துணி உறை போட்டிருப்பார்கள். நீல் என்பவர் அவர்களுடைய தளபதி. மவுண்ட் ரோட்டில் முன்பு சிலை இருந்ததே, அந்த நீல்" என்றார்கள். பிறகு ஒரு புத்தகத்தை எங்களிடம் கொடுத்து, "முழுவதும் படித்த பிறகு எழுதுங்கள்" என்றார்கள்.

படித்தோம். 1857-ஆம் ஆண்டு மே மாதம், வடக்கே சிப்பாய்ப் புரட்சி எழுந்த செய்தி வந்ததும் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் கப்பலில் கல்கத்தாவுக்குப் போனார்கள். ஹவுரா நிலையத்தில் சிப்பாய்கள் எல்லாரும் வருமுன் ரயிலைக் கிளப்பப் பார்த்த நிலைய அதிகாரிகளையே நீல் காவலில் வைத்தாராம். ஜூன் 4-ஆம் தேதி காசி. 11-ஆம் தேதி அலகாபாத். அலகாபாத்தில் அதற்கு ஐந்து நாள் முன்பு கலகம் ஏற்பட்டு ஆங்கிலேயர் பலர் மாண்டிருந்தார்கள். நீல் வந்த பிறகு நடந்தது பழிவாங்கல். அகப்பட்டவர்களை விசாரணை என்ற பெயரளவில் விசாரித்துத் தூக்கிலிட்டார்கள். சுற்றுப்புற ஊர்கள் எரிந்தன. பின்னர் கான்பூர் நோக்கி முன்னே அனுப்பிய படைக்கு, இன்னின்ன ஊர்களை அழிக்க வேண்டும் என்று நீல் எழுத்து மூலமாகவே உத்தரவு கொடுத்தார். சாலையோர மரங்களில் மனிதர்கள் தொங்கினார்கள். இதையெல்லாம் எழுதி வைத்தவர்களில் ஜான் கே என்ற ஆங்கில வரலாற்றாசிரியரும் ஒருவர்.

கான்பூரில் சிறைப்பட்டிருந்த சுமார் இருநூறு ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் ஜூலை 15-ஆம் தேதி கொல்லப்பட்டார்கள். அதுவும் மகா பாதகமே. அதற்குப் பழியாகத்தான் வெள்ளையர் கொடுமை செய்தார்கள் என்று சிலர் சொல்லுவார்கள். ஆனால் எங்கள் ஆசிரியை, "தேதியைப் பாருங்கள்" என்றார்கள். அலகாபாத்தில் நடந்தது ஜூன் மாதம். கான்பூரில் நடந்தது அதற்குப் பிறகு. தேதியைப் பார்த்த பின் எங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. செப்டம்பர் 25-ஆம் தேதி லக்னோவில் நீல் சுடப்பட்டு இறந்தார். எங்கள் தாத்தா பிழைத்தார், பதக்கம் பெற்றார்.

அவர் கையால் என்ன செய்தார் என்று எந்தப் பேரேடும் சொல்லாது. ஆனால் அந்தப் படையில், அந்தச் சாலையில், அந்த நாட்களில் அவர் இருந்தார். வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குச் சொல்லிச் சிரித்த 'நீலத் தொப்பி' என்ற செல்லப் பெயர் அங்கிருந்துதான் வந்தது.

நீலின் சிலையைப் பற்றியும் படித்தோம். 1927-ஆம் ஆண்டு அதை அகற்றக் கோரிச் சென்னையில் சத்தியாக்கிரகம் நடந்தது. கடலூரைச் சேர்ந்த அஞ்சலை அம்மாள் தம் சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்து அதில் கலந்துகொண்டார். தாயும் மகளும் சிறை சென்றார்கள். பின்னர் காந்தியடிகள் அந்தச் சிறுமியைத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று லீலாவதி என்று பெயர் வைத்தார். 1937-இல் இராஜாஜியின் அமைச்சரவை வந்த பிறகே சிலை மவுண்ட் ரோட்டை விட்டு அகன்றது. எங்களிலும் சிறிய ஒரு பெண் சிறைக்குப் போனது யாருடைய சிலைக்காகவோ, அவருடைய படையில்தான் எங்கள் தாத்தா இருந்தார்! அன்றிரவு நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. "கட்டுரையே வேண்டாம். கேலி செய்வார்கள்" என்றாள் மூத்தவள். "பெய்ஸ்லி வரையில் எழுதி நிறுத்திவிடலாம். மாங்காய், படகு, கோவில் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றாள் இளையவள். முடிவில் பாட்டியிடம் போனோம். வயதானவர்கள், மனம் நோகுமே என்று பயந்து பயந்து எல்லாவற்றையும் சொன்னோம்.

பாட்டி நெடுநேரம் பேசவில்லை. செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு கேட்டார்கள்: "பாவசங்கீர்த்தனத்தில் பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தால் அது பாவசங்கீர்த்தனமா?"

"இல்லை, பாட்டி."

"அப்படியானால் முழுவதும் எழுதுங்கள். பசித்து வந்தார் என்றும் எழுதுங்கள். ஊரை எரித்த படையில் இருந்தார் என்றும் எழுதுங்கள். இரண்டும் ஒரே மனிதர்தானே?"

எங்கள் தேடலின் கடைசிப் பகுதியைச் சொல்லி முடித்துவிடுகிறோம். 1858-இல் கும்பினி ஆட்சி ஒழிந்து மகாராணியின் ஆட்சி வந்தது. தங்களைக் கேளாமல் மகாராணியின் படைக்கு மாற்றியதைக் கும்பினியின் வெள்ளைச் சிப்பாய்கள் எதிர்த்தார்கள். 1859-இல் விருப்பமுள்ளவர்கள் விலகி ஊர் திரும்பலாம் என்று அனுமதி கிடைத்தபோது சுமார் பத்தாயிரம் பேர் கப்பலேறிப் போய்விட்டார்கள். எங்கள் தாத்தா போகவில்லை. இங்கே அவருக்கு ஒரு சிறு பெண் இருந்தாள். பிற்காலத்தில் ஓய்வூதியம் வாங்கும் ஐரோப்பியச் சிப்பாய்கள் பலர் வாழ்ந்த பல்லாவரத்தில் குடியிருந்து அங்கேயே மரித்தார். பெய்ஸ்லிக்கு அவர் திரும்பவே இல்லை.

சென்ற நவம்பர் 2-ஆம் தேதி, மரித்த விசுவாசிகளின் நினைவு நாளில், பாட்டி அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க விரும்பினார்கள். கருத்து எழுதும் சீட்டை எங்களிடமே கொடுத்தார்கள். முதல் வரியில் தாத்தாவின் பெயரை எழுதினோம். அதன் கீழே, பதிவேட்டில் கண்ட அந்த ஒற்றைப் பெயரை எழுதினோம். சற்று யோசித்து இளையவள் மூன்றாவது வரி ஒன்று எழுதினாள். பங்குத் தந்தை அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமல், திருப்பலியில் அப்படியே வாசித்தார்கள்: "1857-ஆம் ஆண்டு அலகாபாத் சாலையில் இறந்த, பெயர் அறியாத அனைவருக்காகவும்."

பாட்டியின் பூனைக் கண்களில் நீர் நிறைந்திருந்தது.

மூதாதையரைப் பற்றிப் பெருமை பேசுவது எளிது. வெட்கப்பட்டு மூடி மறைப்பதும் எளிது. அவர்களுக்காகச் செபிப்பதும், அவர்களால் துன்பப்பட்டவர்களுக்காகச் செபிப்பதும், இரண்டையும் ஒரே மூச்சில் செய்வதும்தான் கடினம் என்று நாங்கள் கற்றுக்கொண்டோம். அவர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல. ஆனால் தெரிந்த பிறகு மறைத்தால் அதற்கு நாங்களே பொறுப்பு.

பதக்கம் மறுபடியும் சிவப்புத் துணியில் சுற்றப்பட்டுத் தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. இம்முறை அதனுடன் ஒரு காகிதத்தையும் வைத்திருக்கிறோம். பெய்ஸ்லி, தறி, கப்பல், ஞானஸ்நானம், அலகாபாத், பல்லாவரம் என்று நாங்கள் அறிந்தது எல்லாவற்றையும் அழகிய கையெழுத்தில் எழுதியிருக்கிறோம். எங்களுக்குப் பின்னால் பூனைக் கண்ணோடு ஒரு குழந்தை பிறந்து, அழுதுகொண்டு அந்தப் பெட்டியைத் திறந்தால், அவள் பாதிக் கதையை மட்டும் தெரிந்துகொள்ளக் கூடாது.

(அக்காள், தங்கை – 10-ஆம் வகுப்பு, 8-ஆம் வகுப்பு)